நூறு பேருக்கு ஒரு கண்

இந்த ரீ நல்லாயிருக்கு, பிள்ளை. பொலிஸ் ஸ்ரேசன் ரீயை வாயிலை வைக்கேலாது எண்டெல்லோ சொல்லுறவை. விசாரிக்கிற நீர் தமிழ்ப்பிள்ளையாய் இருக்கிறதும் நல்லதாப் போச்சு. ஆறுதலாச் சொல்லலாம்.

அமிர்தநாதர் மாஸ்ரரின்ரை மில்லிக்கனிலை இருக்கிற வீட்டுப் பேஸ்மென்றிலைதான் நான் வாடகைக்கு இருக்கிறன். மனுசி செத்த பிறகு மேலை அவர் தனி, கீழை நான் தனி. எனக்குக் கலியாணம் சரிவரேல்லை. ஊரிலை சரித்திரம் படிப்பிச்ச மனுசன், ஆயிரம் வருசத்துக்கு முந்தின பைசாந்தியச் சக்கரவர்த்தி இரண்டாம் பசிலியஸைப் பற்றித் தமிழிலை ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பின்னேரங்களிலை என்னை மேலை கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் போறது தெரியாது. தன்னோடை சேர்ந்த அலெப்போ நகரை எதிரி வளைச்சுப்போட்டான் எண்டு கேள்விப்பட்ட உடனை, ஆளுக்கு இரண்டு கோவேறு கழுதை குடுத்துப் பட்டாளத்தைக் கொண்டோடினவராம். ஆயுள் முழுக்கச் சண்டை. பெண்சாதி பிள்ளை இல்லை. எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சுப்போச்சு.

பல்கேரியச் சண்டையோடை புத்தகம் முடியுது, முடிஞ்ச கையோடை வீட்டை வித்துப்போட்டுக் கல்கரிக்கு மகள் கரோலினிட்டைப் போறன் எண்டார் ஒருநாள். சந்தோசமாத்தான் சொன்னார். நான் கீழை வந்து சோத்தைப் போட்டுட்டு, தொடாமல் அப்பிடியே இருந்தன். மேலை ஆள் நடக்கிற சத்தமும் கேளாட்டி எனக்கு வேறை என்ன இருக்கு?

மாஸ்ரருக்குக் கண்ணுக்கை பிரஷர். துளிமருந்து விடாட்டிப் பார்வை போயிடும் எண்டு டொக்டர் சொன்னவர். அவருக்குக் கை நடுங்கும், நான்தான் காலமையும் இரவும் விட்டுவிடுறது. போத்திலிலை இருந்த மருந்தை ஊத்திப்போட்டு உப்புத்தண்ணியை நிரப்பினன். நோகாது. எழுத்துக் கொஞ்சம் தடுமாறினால் புத்தகம் இழுபடும், அவ்வளவுதான் நினைச்சது. பிறகு மாசக்கணக்கிலை புதுப் போத்தில் வந்தும் மாத்த மனம் வரேல்லை.

ஆடி மாதம், மத்தியானம். மேசை முழுக்க வெய்யில் கிடக்குது. மாஸ்ரர் பேனையை வைச்சுப்போட்டுச் சொன்னார்: "பத்மநாதன், இருட்டிப்போச்சு. லைற்றைப் போடும்."

நான் எழும்பிப் போய் சுவிச்சைத் தட்டினன்.

அதுக்குப் பிறகு அவர் சொல்லச்சொல்ல நான் எழுதுறன். கைபிடிச்சு நடத்துறன், மீனிலை முள்ளெடுத்துக் குடுக்கிறன். கண் தெரியாமல் மகளுக்குப் பாரமாய்ப் போகமாட்டன் எண்டு கல்கரிக் கதையை விட்டிட்டார்.

போன கிழமைதான் அந்தச் சண்டைக்கு வந்தார். பிடிபட்ட பல்கேரியர் ஆயிரக்கணக்கிலை. எல்லாரின்ரை கண்ணையும் பிடுங்கச் சொன்னவராம் சக்கரவர்த்தி. நூறு பேருக்கு ஒருத்தனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டது, மற்றவையை அவன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான். மாஸ்ரர் அதை இரண்டுதரம் சொன்னார். நான் பிழையில்லாமல் எழுதினன்.

தகப்பனைப் பார்க்க வந்த கரோலின் போத்திலை உங்களிட்டைத் தந்திருக்கிறா, மறைக்க ஒண்டுமில்லை. செய்தது நான்தான். ஆனால் நீர் ஒண்டை யோசியும். சக்கரவர்த்தி நூறு பேருக்கு ஒரு கண் விட்டவர். நான் ஒராளுக்கு என்ரை இரண்டையும் குடுத்திருக்கிறன்.

மாஸ்ரருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும், பிள்ளை. மனுசன் தனிச்சுப்போவார்.