மூன்றாம் அங்கமும் பக்கத்து அறையும்

உங்கள் எழுத்தர் என் வாக்குமூலத்தின் முதல் பக்கத்திலேயே இரண்டு ஒற்றுப்பிழை விட்டிருக்கிறார், இன்ஸ்பெக்டர். திருத்திவிட்டேன். இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் இலக்கியம் நடத்தியவன். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

வருடா வருடம் நான் நடத்துவது ஒரு பழைய துன்பியல் நாடகம். மூன்றாம் அங்கத்தில், பதவிக்காக மன்னனைக் கொன்ற தளபதி சிம்மாசனத்தில் உட்கார முடியாமல் தவிப்பான். குற்றவுணர்வு என்று விடைத்தாளில் எழுதினால் பத்து மதிப்பெண். எனக்கு அவன்மேல் எப்போதும் இளக்காரம்தான். ஆசைப்பட்டாய், செய்தாய், உட்கார வேண்டியதுதானே.

துறைத்தலைவர் பதவி காலியானது. அடுத்தது நான் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். கொடுத்தது யாருக்கு? என்னிடம் படித்த பெண்ணுக்கு. மாணவர்கள் அவளைக் குட்டி மேடம் என்பார்கள். அந்தத் தளபதிக்காகக் கண்கலங்கியே முதலிடம் வாங்கியவள், ஏட்டுச் சுரைக்காய். உத்தரவு வந்த அன்று என் மேஜையருகே வந்து நின்றாள்.

"சார், எனக்கே கூச்சமா இருக்கு. நீங்கதான் வந்திருக்கணும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கும்மா? நல்லா பண்ணு," என்றேன்.

எனக்கே பிச்சை போடுகிறாள், பாருங்கள்.

அவளுக்கு ஆஸ்துமா. தூசி ஆகாது. இன்ஹேலர் எப்போதும் கைப்பையில் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் முதல்வர் அறைக்குப் போயிருந்தபோது அதை எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தவளிடம், ஆய்வுக்குழு கேட்ட கோப்பு பழைய விடைத்தாள் அறையில் இருக்கிறது என்றேன். "ரெண்டு நிமிஷ வேலைதாம்மா." நீங்களே எடுத்து வரலாமே என்று புத்தியுள்ளவள் கேட்டிருப்பாள். இவள் தலையாட்டிவிட்டுப் போனாள், கைப்பையையும் செல்போனையும் மேஜையிலேயே வைத்துவிட்டு. பின்னாலேயே போய் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அடுத்த அறையில் எனக்கு வகுப்பு. அன்றைக்கு மூன்றாம் அங்கம்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், பக்கத்து ரூம்ல யாரோ தட்டுறாங்க."

"ஆசாரி வேலை நடக்குதும்மா. நீ எழுது."

எழுதினாள். நாற்பது பேரும் எழுதினார்கள். மனசாட்சியைப் பற்றி நான் குரலை உயர்த்திச் சொல்லச் சொல்ல, ஒருவர் விடாமல் குறிப்பெடுத்தார்கள். ஒருத்தராவது எழுந்து போய்ப் பார்த்தாரா? தட்டல் நின்றபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தொண்டை வீணாவானேன்?

மணி அடித்ததும் தாழ்ப்பாளை விலக்கினேன். கதவருகிலேயே கிடந்தாள். இன்ஹேலரைக் கைப்பையில் திரும்ப வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று உங்கள் ஆட்கள் ஒரே பக்கத்தில் விசாரணையை முடித்தார்கள். நான் அவ்வளவு யோசித்துச் செய்ததற்கு ஒரே பக்கம்.

பதவி எனக்கு வந்தது. நாற்காலியில் நன்றாகவே உட்கார்ந்தேன். சாட்சி வேண்டுமென்றால் பியூனைக் கேளுங்கள். மனசாட்சி உறுத்தி வந்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தவறான விடையை அப்படியே விட்டுவைக்க எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

விடைத்தாள் அறையின் கதவை முதல் வாரமே கழற்றச் சொன்னேன், காற்றோட்டத்துக்காக. பிறகு என் அலுவலறைக் கதவை. போன மாதம் வீட்டில் படுக்கையறை, குளியலறை, வாசல், எல்லாவற்றையும். மனைவி பயந்துபோய் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தாவது தாண்டாதவள், காற்றோட்டத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

கையெழுத்து எங்கே போட வேண்டும்? அந்தக் கான்ஸ்டபிளிடம் கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.