கம்பியைப் பிடிக்காத அம்மாள்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிற பருத்த அம்மாள் ஒருத்தி, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காமலே ஆடிக்கொண்டு நின்றாள்.

"கையத் தூக்கிப் புடிங்க அண்ணி," என்றாள் கூட நின்ற நாத்தனார்.

"தூக்குனா ரவிக்கை கிழிஞ்சிடும். புதுசு."

"டைலரு அளவெடுக்கலயா?"

"பொம்பளைய நிமிந்தே பாக்க மாட்டாராம், அவ்ளோ மரியாதை! அளவு ரவிக்கை கேட்டாரு. என் கல்யாணத்து ரவிக்கையக் குடுத்தேன். நூல் பெசகாம அப்படியே தச்சிட்டாரு. நாலு புள்ள பெத்தும் நான் மாறலன்னு நம்புற ஒரே ஆம்பள."

"அதை ஏன் குடுத்தீங்க?"

"மத்த ரவிக்கையெல்லாம் தலையாணி உறை மாதிரி. எனக்கு அழகா இருந்தது அது ஒண்ணுதான்."

கண்டக்டர் அதட்டினார்: "கம்பியப் புடிம்மா, விழுந்துடப் போற!"

"விழுந்தா இந்த பஸ்ஸுதான்யா பாக்கும். கிழிஞ்சா கல்யாண வூடே பாக்கும்."