சுகுமாறன் சாரின் வாசகர் அட்டை

கறிபாப் பலகாரத்தில் உருளைக்கிழங்கு கொஞ்சம் காரமாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். சுகுமாறன் சார் வாங்கி வருவது அப்படித்தான் இருக்கும். எனக்கும் ஒன்று கொடுப்பார், நானும் மறுத்ததில்லை. அவர்மேல் எனக்கு வெறுப்பு இருந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் ஏஞ்சலா. இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் என் பொறுப்பில் இருக்கிறது. கோத்தா திங்கியிலிருந்து ஸ்கூடாய்க்குக் கல்யாணமாகி வந்த நாளாக எனக்கு இது ஒன்றுதான் வேலை. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் ஒருமுறைகூடக் காப்பகத்துக்கு வந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. வராதவர்களால் எந்தத் தாளும் கிழிந்ததில்லை.

சுகுமாறன் சார் இங்கே ஆண்கள் விடுதியின் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பல்கலைக்கழகத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்கு வளாக வரலாறு எழுதப்போவதாகத் தானாகவே புறப்பட்டார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நான் கதவைத் திறப்பதற்கு முன்பே எண்ணெய் ஊறிய காகிதப் பையோடு வாசலில் நிற்பார். மற்ற ஆய்வாளர்கள் ஆவணத்தைப் பார்த்துவிட்டு எழுதுவார்கள். இவர் எழுதிவிட்டு ஆவணம் தேடுவார். கிடைத்தால் அவருடைய நினைவாற்றலுக்குப் பாராட்டு. கிடைக்காவிட்டால் காப்பகம் சரியில்லை.

வளாகத்து ஏரிக்கு இடம் காட்டியவரே தாம்தான் என்று ஒரு அத்தியாயம் எழுதியிருந்தார். அதற்கான படத்தை எடுத்துக் கொடுத்தேன். குடை பிடித்த ஒருவர் சேற்றில் நின்று கை நீட்டிக்கொண்டிருப்பார். முகம் நிழலில் இருக்கும்.

"இது நான்தான் லா. கையப் பாருங்க, என் கை" என்றார்.

"இது சர்வேயர் மைக்கல் சார். பின்னாடி பேர் எழுதியிருக்கு. அப்போ நீங்க வேலைக்கே சேரல சார்."

"எழுதுனவன் தப்பா எழுதிட்டான்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படத்தைத் திருப்பினார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்த நொடியில் எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குப் புரியவைப்பது கடினம். உங்கள் பிள்ளையின் நெற்றியில் யாரோ பச்சை குத்த வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பேனாவைப் பிடுங்கிவிட்டேன். அவர் நேரே தலைமை நூலகரிடம் போய், நான் ஆவணங்களை மறைப்பதாகப் புகார் கொடுத்தார்.

நூலகர் என்னைக் கூப்பிட்டார். "பெரியவர்தானே ஏஞ்சலா, விட்டுக் குடுத்துப் போங்க. இன்னொரு புகார் வந்தா உங்களக் கொஞ்ச நாளைக்குப் பார்க்கிங் ஸ்டிக்கர் கவுண்டர்ல போட வேண்டி வரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருக்க, சுகுமாறன் சார் பேனாவோடு பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவரும் மனைவி காளியம்மாவும் பெர்த்தில் இருக்கும் மகன் தீபனைப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒரு மாதப் பயணம். அவர் விமானம் ஏறிய மறுநாள் காலை அவருடைய வாசகர் அட்டையை ரத்து செய்யக் கணினியைத் திறந்தேன். என் திட்டம் சாதாரணமானது. திரும்பி வருவார், கதவில் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், கணினிப் பிரிவில் முறையிடுவார். நம் கணினிப் பிரிவின் நிதானம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நாற்பதாம் ஆண்டே முடிந்துவிடும்.

ஆனால் அட்டையை ரத்து செய்யக் கணினி காரணம் கேட்கிறது. மூன்றே காரணங்கள்தான் வைத்திருக்கிறார்கள்: படிப்பு முடிந்தது, மாற்றலாகிப் போனார், மரணம். அவர் எந்தப் படிப்பையும் முடிக்கவில்லை. மாற்றலாகவும் இல்லை. நான் பொய் எழுதிப் பழகியவள் அல்ல. மூன்றில் எது என்றைக்காவது உண்மையாகுமோ, அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓய்வு பெற்ற ஊழியர் என்றால் அந்தச் செய்தி தானாகவே மற்ற அலுவலகங்களுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. மதியமே மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து கென்னத் கூப்பிட்டான்.

"ஆண்டி, சுகு அங்கிள் போயிட்டாராமே. அலமாக், போன மாசம்தான் எங்கூடச் சண்ட போட்டாரு. உண்மையா?"

"சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்றேன். காட்டியது உண்மைதானே.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கென்னத் அழுதுவிட்டான். அழுகிற பையனிடம் போய், அழ வேண்டாம், பதிவில்தான் பிழை என்று சொல்வது நாகரிகமில்லை என்று பட்டது.

சாயங்காலத்துக்குள் பேஸ்புக்கில் படம் வந்துவிட்டது. இறந்தவர் பெயருக்கு முன்னால் மலாயில் போடும் 'மெண்டியாங்' என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் நின்றது. விடுதியில் அவரிடம் அபராதம் கட்டியவர்கள் எல்லாம் அவர் தந்தையைப் போன்றவர் என்று எழுதினார்கள். கெலாங் பாத்தாவில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சிலர் துக்கம் விசாரிக்கப் போய், பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டில் மலர் வளையத்தைக் கட்டிவிட்டு வந்தார்கள். சார் வெளிநாட்டில் கைப்பேசி இணையத்துக்குக் காசு கட்டுகிற ஆள் இல்லை. அதனால் பெர்த்தில் அவர் நிம்மதியாக உயிரோடு இருந்தார்.

பிறகு நிர்வாகம், புதிய பல்நோக்கு மண்டபத்துக்கு அவர் பெயரை வைக்க முடிவு செய்தது. உயிரோடு இருப்பவர் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பதில்லை என்பது நம் விதி, ஆகவே தடை ஏதும் இல்லை. அவரை நன்றாக அறிந்தவள் என்று இரங்கலுரை எழுத என்னிடமே கொடுத்தார்கள். மனமார எழுதினேன். 'வரலாற்றை எழுத அவர் ஆதாரங்களுக்காகக் காத்திருந்ததில்லை' என்ற வரியைத் துணைவேந்தர் அலுவலகத்தில் மிகவும் பாராட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் அவர்கள் செனாய் விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கேட்டில் காய்ந்த வளையம், நடுவில் அவர் படம். கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க, காளியம்மா பெட்டிமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாராம். சார் மட்டும் வளையத்தில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்துவிட்டு, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது என்றாராம்.

விழாவில் கடைசி வரிசையில் யாரோ தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் எப்போதும் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சார், நான் சொல்லிடுறேன்" என்று கிசுகிசுத்தேன்.

"சும்மா இருங்க ஏஞ்சலா. நல்லாப் பேசுறாங்க லா. பேசட்டும்."

அவர் கண் கலங்கியிருந்தது. மேடையில் என் உரையைக் கென்னத் வாசித்துக்கொண்டிருந்தான்.

"யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஏரியத்தான் விட்டுட்டீங்க."

அப்படியே இருந்திருந்தால் இன்று நமக்கு இந்த விசாரணையே இல்லை. அவருக்கு மண்டபம், எனக்குக் காப்பகம். ஆனால் கென்னத் வாசிக்கும்போது ஒரு இடத்தில் தடுமாறி, சார் முதன்முதலில் வார்டனாக இருந்தது 'பி' விடுதி என்று சொல்லிவிட்டான். நான் 'டி' என்றுதான் எழுதியிருந்தேன். சார் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். பாவம், மனிதரால் முடியவில்லை. எழுந்துவிட்டார்.

"பி இல்ல, டி. மொதல்லேர்ந்து படிங்க."

முன்வரிசையில் இருந்த நன்கொடையாளர் மயங்கியதும், பெண்கள் கூச்சலிட்டதும், கென்னத் மேடையிலிருந்து குதித்ததும் உங்கள் கோப்பிலேயே இருக்கும். பெயர்ப்பலகையை அன்றே கழற்றிவிட்டார்கள். சார் அதற்குக் கீழேயே வெகுநேரம் நின்றார். என்னைத் திட்டவில்லை.

"நான் செத்தப்பறம் திரும்ப மாட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கேட்டுப் பாக்கலாம் சார்" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். கேட்டாலும் மாட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நேற்று நீங்கள் இன்னும் சில அட்டைகளை என் முன்னால் வைத்தீர்கள். ஆம், அவற்றுக்கும் மரணம் என்று போட்டது நான்தான். பக்கத்தின் ஓரத்தை மடித்த விரிவுரையாளர். எச்சில் தொட்டுப் புரட்டிய முனைவர் பட்ட மாணவி. வாசலில் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு அவர்கள் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். கோவிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் இதைச் சொன்னதில்லை. பாவமாகத் தோன்றினால்தானே சொல்ல.

கருப்பாயியைப் பற்றித்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். இந்த வளாகம் செம்பனைத் தோட்டமாக இருந்தபோது இங்கிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளில் குடியிருந்தவர். இடிப்பதற்கு முன்னால் அந்த வீடுகளை ஒருவர் படமெடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு வாசற்படியில் கருப்பாயியின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வருடமே காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. வேறு படம் கிடையாது. கருப்பாயி வாராவாரம் பஸ் ஏறி வருவார். கையுறை மாட்டிவிட்டால் கழற்றிவிடுவார். அந்தப் பிள்ளையின் கன்னத்தை ஒற்றை விரலால் தடவுவார். அந்த இடம் வெளிறத் தொடங்கியது. பிரதி ஒன்று கேட்டார். பிரதி எடுத்தால் படத்தின்மேல் வெளிச்சம் படும். வெளிச்சம் ஆகாது.

அவருடைய அட்டையை நான் ரத்து செய்த வாரமும் வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அட்டையைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். "மெசின் கெட்டுப்போச்சா தாயி?" என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. போய் வரச் சொல்லிக் கையசைத்தேன்.

மற்ற பதிவுகளை நீங்கள் தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள். சுகுமாறன் சாருக்கு நானே புது அட்டை போட்டுத் தருகிறேன். கருப்பாயி மட்டும் போன டிசம்பரில் உண்மையிலேயே இறந்துவிட்டார், ஆகவே அந்தப் பதிவில் பிழை இல்லை. வேண்டுமானால் வந்து படத்தைப் பாருங்கள். பிள்ளையின் முகம் நன்றாக இருக்கிறது. அதன்பிறகு அதை யாருமே தொடவில்லை.