நம்ம ஆட்சி

அந்த நாற்காலி வேணாம்மா, காலு ஆடும். இதுல உக்காரு. எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியாது, அதத்தான் வாசல்லயே சொன்னேன். அதுக்காக உடனே திரும்பிடுவியா? ஒரு வாய் தண்ணியாவது குடி. வெயில்ல நடந்தேவா வந்தே? ஆமாமா, பஸ் ஏது இப்ப. பஸ்காரங்க சங்கமும் ரெண்டாப் போச்சே. ஒரு பாதி வண்டிய எடுக்கணுங்குது, இன்னொரு பாதி எடுத்தா மறிப்போங்குது. மந்திரி என்னடான்னா ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதான்னு சிரிக்கிறாரு.

குழந்தைய யாருகிட்ட விட்டுட்டு வந்தே? அம்மா வந்திருக்காங்களா. நல்லது. கொஞ்ச நாள் உன்கூடவே இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரர நாங்க நெட்டைன்னுதான் கூப்பிடுவோம், தெரியும்ல? தப்பா எடுத்துக்காத. இந்த வாசல் நிலையில தலைய இடிச்சுக்காம அவரு உள்ள வந்ததே கிடையாது. ஒவ்வொரு தடவையும் இடிச்சிட்டு, அண்ணி, இந்த வீட்டக் குள்ளமா கட்டிட்டீங்கன்னுவாரு. அண்ணின்னுதான் கடைசி வரைக்கும் கூப்பிட்டாரு.

சாக்கடை வாரிய ஆபீசுக்குப் போனியா? யாரப் பாத்தே? ஜன்னலோரம் இருக்கிறவரையா, கதவோரம் இருக்கிறவரையா? அப்ப உனக்கு அந்தக் கதை தெரியாதா. பெரிய என்ஜினியர் சீட்டு ஒண்ணுதான், உக்காந்திருக்கிறது ரெண்டு பேரு. ஒருத்தர மந்திரி போட்டாரு. இன்னொருத்தரு கோர்ட்டுக்குப் போய் இது என் சீட்டுன்னு வாங்கிட்டு வந்துட்டாரு. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல மேஜையப் போட்டுக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம உக்காந்திருக்காங்க. இவரு கையெழுத்துப் போட்டா அவரு செல்லாதுன்னு எழுதுவாரு. நடுவுல பியூன் பாவம், ஒரே டீய ரெண்டு டம்ளர்ல ஊத்தி, யாருக்கு முதல்ல குடுக்கிறதுன்னு முழிப்பான். உன்னை அங்கயும் இங்கயும் அலையவிட்டிருப்பாங்களே. விட்டாங்கல்ல. அதான்.

எங்க வீட்டுக்காரரு ஆரம்பத்துல இப்படி ஆளப் பாத்து ஒளியிற மனுஷன் இல்லம்மா. அந்த சாக்கடை பம்ப் ஹவுஸ்ல ஃபிட்டரா இருந்தவரு. கல்யாணத்தன்னிக்கும் நகக்கண்ணுல கிரீஸ் இருந்துச்சு. சங்கம் அப்ப பழைய கட்சியோட இருந்துச்சு. எங்க மாமனார் காலத்துலேருந்தே அப்படித்தான். வேற கட்சிக்கு ஓட்டுப் போடலாம்னு எங்க யாருக்கும் தோணினதுகூட இல்ல.

அவங்க ஆட்சியிலதான் அந்தக் காத்தடிக்கிற மிஷின் கெட்டுப் போச்சு. அதான், சாக்கடைக் கிணத்துல ஆளு இறங்குறதுக்கு முன்னாடி உள்ள நல்ல காத்த ஊதுமே, அது. அது இல்லாம இறங்கினா உள்ள என்ன வாயு இருக்கும்னு யாருக்கும் தெரியாது. ரிப்பேர் பண்ணிக் கொடுங்கன்னு கேட்டாங்க. தண்ணிக்கு ஒரு மந்திரி, சாக்கடைக்கு ஒரு மந்திரி. ரெண்டு பேரும் ஒரே கட்சிதான், ஆனா பேச்சு கிடையாது. காத்து எந்த இலாகாவுல சேரும்னு முடிவு பண்ணவே அவங்க ஆட்சி முடிஞ்சு போற மாதிரி இருந்துச்சு. சங்கத்துக்கு இவருதான் தலைவரு, ஸ்ட்ரைக் அறிவிச்சாரு. சொந்தக் கட்சி ஆட்சிய எதுத்து. அதுக்கு ஒரு நெஞ்சு வேணும்மா, அப்ப அவருக்கு அது இருந்துச்சு.

அவரை ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க. நாங்க பொம்பளைங்க எல்லாம் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்தோம். ஒரு போலீஸ்காரன் என் தோளப் பிடிச்சு இழுத்தப்ப குறுக்க வந்து நின்னது யாருன்னு நினைக்கிறே? நெட்டைதான். எனக்கு விழ வேண்டிய அடி அது. காதுக்கு மேல தழும்பு ஒண்ணு இருக்குமே, பாத்திருப்பே. உன்கிட்ட என்னன்னு சொன்னாரு? ஏணியிலேருந்து விழுந்தேன்னா? பாரு, அதக்கூட சொல்லிக்கல மனுஷன்.

அந்த ஸ்ட்ரைக்குக்கு அப்புறந்தான் புதுக் கட்சிக்காரங்க இங்க வர ஆரம்பிச்சாங்க. இப்ப மந்திரியா இருக்காரே, அவரு அந்த ஆடுற நாற்காலியிலதான் உக்காந்தாரு. நாங்க வந்தா முதல் கையெழுத்து உங்க மிஷினுக்குத்தான்னாரு. நான்தான் காபி கலந்து குடுத்தேன். நானும் நம்பினேன், பொய் சொல்ல மாட்டேன். சங்கத்துல கூட்டம் போட்டாங்க. ஒரே சண்டை. கடைசியில பழைய கொடிய எங்க வீட்டுக்காரரே இறக்கினாரு. அத மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, ராத்திரி சோத்துல கை வைக்காம உக்காந்திருந்தாரு. எங்கப்பா கட்டின கொடிடின்னாரு. அப்பவும் நான்தான் தேத்தினேன்.

ஜெயிச்சாங்க. அவரு வாரியத்துல உறுப்பினர் ஆனாரு. வீட்டு வாசல்ல காரு வந்து நின்னுச்சு. மிஷின் வரல.

ஏன்னு கேட்டா, சீட்டுல ரெண்டு பேரு இருக்காங்க, யாரு கையெழுத்துப் போடுறதுங்கிறது முடிவாகட்டும்னாங்க. ஆளுங்க மறுபடியும் ஸ்ட்ரைக் பண்ணலாம்னு வந்தாங்க. இதோ, இந்த ஹால்லதான் நின்னாங்க, உன் வீட்டுக்காரரும் இருந்தாரு. யார எதுத்து பண்றது, இது நம்ம ஆட்சிய்யான்னு இவரு சொல்லிட்டாரு. அன்னிலேருந்து அந்த வார்த்தையக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. சம்பளம் தள்ளிப் போனா நம்ம ஆட்சி, கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஆள் எடுக்கலன்னா நம்ம ஆட்சி, நாமளே கேள்வி கேக்கலாமா. எதிரிங்க ஆட்சியா இருந்தாக்கூடக் கேட்டு வாங்க முடியும் போல. நம்ம ஆட்சியில வாயத் தொறக்க முடியல.

சங்கத்துல பாதிப் பேரு பழைய கட்சிக்கே திரும்பிப் போயிட்டாங்க. பழைய கட்சிக்காரங்களுக்கு இப்ப அந்த மிஷின் மேல அப்படி ஒரு பாசம். ஆட்சியில இருந்தப்ப கண்ணுலயே படாதது, ஆட்சி போனதும் பளிச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. பம்ப் ஹவுஸ் வாசல்ல பந்தல் போட்டு மைக் கட்டிப் பேசினாங்க. உன் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகல. அண்ணன் ஒண்ணு சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்னு இவரு பின்னாடியே நின்னாரு. வீட்டுல நீ சண்டை போட்டியா? போட்டிருப்பே. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்.

அழாதம்மா. சரி, அழு. இங்க யாரு உன்னைக் கேக்கப் போறாங்க.

வாரியத்துல என்ன சொன்னாங்க உன்கிட்ட? விதிய மீறி தன் இஷ்டத்துக்கு இறங்கினாருன்னா. ம். யாரும் இறங்கச் சொல்லலன்னு. அப்ப உனக்கு வேலையும் கிடையாது, அந்த குவார்ட்டர்ஸும் கிடையாது. நீ அதக்கூடக் கேக்கல, அவரு அப்படிச் செய்ற ஆளு இல்லன்னு அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கிறே. அதுக்குத்தான் இத்தனை தூரம் நடந்து வந்தியா.

என்ன, திரும்பிப் பாக்கிறே? இருமல் சத்தமா?

அவருதான். உள் ரூம்ல இருக்காரு. நீ தெருமுனையில வர்றதப் பாத்துட்டு, வெளிய போயிருக்கேன்னு சொல்லிடுன்னாரு. சொல்லிட்டேன். இத்தனை வருஷமா அவரு சொல்லச் சொன்னதச் சொல்லியே பழகிடுச்சு. எந்திரிக்காத, உக்காரு. அவரு எங்கயும் போயிட மாட்டாரு, அந்த ரூமுக்கு இந்த ஒரு கதவுதான். நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு. அவரும் கேக்கட்டும்.

அன்னிக்குக் காலையில உன் வீட்டுக்காரர்கிட்டேருந்து போன் வந்துச்சு. இவரு சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு, நான்தான் எடுத்தேன். அண்ணி, கிணத்துச் சல்லடையில குப்பை அடைச்சுக்கிச்சு, தண்ணி ஏறுது, இறங்கச் சொல்றாங்க, காத்தடிக்க மிஷின் இல்லாம பசங்க முடியாதுன்னு நிக்கிறாங்க, எனக்கும் மனசு ஒப்பல, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னாரு. நல்லாத்தான் பேசினாரு. உன்னைப் பத்திக் கேட்டேன், நல்லா இருக்கான்னாரு. குழந்தைக்குப் பல்லு முளைக்குதுன்னு சொன்னாரு. நான் போனக் கொண்டு போய் இவரு காதுல வெச்சேன், இவரு கையில சோப்பு நுரையா இருந்ததால. பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னேன்.

இவரு சொன்னாரு, நாளைக்கு மந்திரி அங்க வர்றாரு, புதுக் கட்டடம் திறக்கிறாரு, தெருவெல்லாம் சாக்கடை ஓடினா நம்ம மானம் போயிடும். அந்தப் பக்கம் போனவங்க கைகொட்டிச் சிரிப்பாங்க. இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சிடு.



அப்புறம் இவரு சொன்னாரு, நீ இறங்கினா மத்தவங்களும் இறங்குவாங்கடா.

சரிண்ணேன்னு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு.

கல்லு மனசுன்னு நினைக்காத. கொஞ்ச நேரத்துலயே உன் வீட்டுக்காரர் கிணத்துக்குள்ளயே போயிட்டாருன்னு செய்தி வந்ததும் பாதி மூஞ்சி சவரம் பண்ணினபடியே ஓடினாரு. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு நானே இறங்குறேன்னு கிணத்து விளிம்புல மல்லுக்கு நின்னிருக்காரு, நாலு பேரு பிடிச்சு இழுத்திருக்காங்க. அது நடிப்பில்ல. அவ்வளவு நாள் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா. ஆனா சாயந்திரம் இவரு மந்திரியோட கார்ல ஏறிப் போனாரு. இறங்கி வந்தப்ப வேற ஆளா வந்தாரு. டீவிக்காரங்க மைக்க நீட்டினப்ப, விதிய மீறி இறங்கிட்டாரு, வருத்தமா இருக்குன்னு சொன்னது அவரு வாயிதான்.

அன்னியிலேருந்து நாங்க ரெண்டு பேரும் அந்த போனப் பத்திப் பேசிக்கல. இப்ப விசாரணைக்கு ஒரு ரிட்டயர்டு ஜட்ஜப் போட்டிருக்காங்கல்ல, இவரும் போய்ச் சொல்லணும். முந்தாநாள் கண்ணாடி முன்னாடி நின்னு பொத்தானப் போட்டுக்கிட்டே சொல்லிப் பாத்தாரு. போன் வந்தது உண்மைதான், லீவு கேட்டு வந்துச்சு, நானும் எடுத்துக்கோன்னுதான் சொன்னேன். ரொம்ப நல்லா சொன்னாரு, மேடையில பேசிப் பழகின வாயாச்சே. சொல்லிட்டு என்னைப் பாத்து, சரியா இருக்கான்னு கேட்டாரு. காலர் மடங்கியிருந்துச்சு, அதச் சரி பண்ணிவிட்டேன்.

நீ அவருகிட்ட எதுவும் கேக்க வேணாம்மா. அவரு சொன்னாலும் சொல்லாட்டியும் ஒண்ணுதான். நேத்து காய் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு நான் அந்த விசாரணை நடக்கிற இடத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். உக்கார வெச்சு, அந்த போன்ல பேசினது எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. திருப்பிப் படிச்சுக் காட்டினாங்க, சரின்னு கையெழுத்துப் போட்டேன். வர்ற வழியில காயும் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

இல்லம்மா, அவருக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்.