புறாக்கூண்டில் குடியேறிய வரி அதிகாரி

பெயர் கேட்டதற்கு, தெருவில் புறா மாமா என்றால் தபால்காரர் முதல் பூனைவரை அறிவார்கள் என்றும், வயது அறுபத்தேழு, தொழில் தச்சுவேலை என்றும், சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்கால் வலிக்காரியான என் அக்காளும் மாடியில் நானுமாக வசித்து வருகிறோம் என்றும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் மொட்டைமாடியில் நான் செய்த புறாக்கூண்டு ஒன்று உள்ளது. ஆள் குனிந்து நுழையலாம், நிமிர முடியாது. வீட்டை அளக்க வந்த வரி அதிகாரி, படியேறச் சோம்பல்பட்டு, தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்து, அதை 'இரண்டாம் மாடி, குடியிருப்பு அறை' என்று எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு வந்த வரியைக் கட்ட வேண்டுமானால் மன்னாதி மன்னனே கிரீடத்தை அடகு வைக்க வேண்டும். எங்களிடம் கிரீடம் இல்லை. கீழ்த்தளத்தைத்தான் வாடகைக்கு விட வேண்டும். படியேற முடியாத அக்காளை எங்கே அனுப்புவது?

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. மறுநாளே மனுவோடு போனேன். அதிகாரி, "மனுவெல்லாம் எதுக்கு பெரியவரே? நானே வந்து பாத்து சரி பண்ணிடறேன். அடுத்த வாரம் வாங்க" என்றார். அதன் பிறகு போனபோதும் அடுத்த வாரம் வரச் சொன்னார். இப்படிப் போய்ப் போய் அந்த அலுவலகச் சுவரில் என் முதுகின் அச்சு விழுந்த பிறகு, ஒருநாள், "கெடு நேத்தோட முடிஞ்சிருச்சே, நீங்க ஏன் மனு குடுக்கல?" என்று என்னையே கேட்டார். அப்போது ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

அதன் பிறகு மேல்முறையீட்டுப் பிரிவு எழுத்தரிடம் போய் நின்றேன். "கெடு தாண்டின மனுவ எடுக்கணும்னா, அது ரூம் இல்லைன்னு அதே அதிகாரி கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும் மாமா. அவராவது, போடறதாவது!" என்றார். போடுவார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கூண்டுக் கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று பொருத்தினேன். யானை வந்து முட்டியது, யானைக்குத்தான் தலைவலி. இதை ஆத்திரத்தில் செய்யவில்லை, நிதானமாக, எண்ணெய் போட்டு, ரசித்துச் செய்தேன் என்று பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை அதிகாரியிடம் போய், "சார், ரெண்டாம் மாடியில புதுசா வேலை செஞ்சிருக்கேன். கணக்குல சேத்துக்கறீங்களா?" என்றேன். அன்று ஏறாத படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். குனிந்து உள்ளே போனார். தாழ்ப்பாளைப் போட்டேன்.

"யோவ், கதவத் திறய்யா!"

"குடியிருப்பு அறைதானே சார், குடியிருங்க."

"இது ரூமாய்யா? நிமிரக்கூட முடியல!"

"அப்ப மேல்முறையீடு பண்ணுங்க. ஒரு மணி வரைக்கும் வாங்குவேன்."

அவர் கத்தி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். "அடடா, நேரம் முடிஞ்சிருச்சே சார். அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

கீழிருந்து அக்காள், "டேய், அந்த மனுஷனுக்குத் தண்ணியாவது குடுடா!" என்று சத்தம் போட்டதால், புறாக்களின் கிண்ணத்தில் கொடுத்தேன். அதன் பிறகு அவர் கைப்பேசியில் தம் அலுவலகத்தை அழைத்தார். எழுத்தில் கொடுத்தால் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள் போலும், அவர்களையும் திட்டினார். அதன் பிறகே காவல் நிலையத்தை அழைத்தார். காவலர்கள் வந்து திறந்தபோது, என் புறாக்கள் அவர் தலையிலும் தோளிலும் தங்கள் மதிப்பீட்டைப் பதிவு செய்திருந்தன.

அதன் பிறகு இதே நிலையத்தில், எழுத்தரின் பேனாவைப் பிடுங்கித் தாமே புகார் எழுதினார். 'மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற புறாக்கூண்டில் என்னை அடைத்தார்' என்று எழுதி, பதவியையும் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நான் குற்றத்தை மறுக்கவில்லை. அந்தப் புகாரின் சான்றிட்ட நகல் ஒன்று மட்டும் வேண்டும். நிலைய எழுத்தர், "அடுத்த வாரம் வாங்க" என்றார். போனால்தானே வருவதற்கு? நகல் கைக்கு வரும்வரை இந்தப் பெஞ்சைவிட்டு எழுந்திருப்பதாக இல்லை.

இவை யாவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அந்த யானை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
புறா மாமா