பதினேழு பேரோடு தங்கிய கேப்டன்

இந்த எடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேனுங்க... ரெண்டே நிமிஷம்.

அமெரிக்காவுல வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். வடக்குப் பட்டாளத்துல ஃபிங்க்னு ஒரு கேப்டன். பொறந்தது ஜெர்மனியில. பொழப்புத் தேடிக் கப்பலேறி வந்தவரு. தச்சு வேலை பாத்தாரு, பட்டாளத்துல சேந்தாரு, கேப்டன் ஆயிட்டாரு. ஆனா சிப்பாய்ங்க அவரை நம்புனாங்களா? இல்லைங்க... அதுலயும் பீல்னு ஒருத்தன், "இவன் வெளியூர்க்காரன்டா, நமக்காக நிப்பானா?"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே திரிவான்.

ஒரு சண்டையில இவங்க தோத்துட்டாங்க. தப்பிக்கணும்னா பொழுது சாயறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணும். பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல அடிபட்ட பதினேழு பேரு கெடக்கறாங்க, நகர்த்த முடியாத அளவுக்குக் காயம். வண்டியும் இல்ல.

கர்னல் சொன்னாரு, "விட்டுட்டுக் கெளம்புங்க."

ஃபிங்க் சொன்னாரு, "சார், எதிரி கோவமா வருவான். அவன்கிட்டப் பேச ஒரு அதிகாரி வேணும். நான் இருக்கேன்."

"ஜெயில்ல போட்டுருவான்யா!"

"தெரியும் சார்."

கர்னல், "சரி, இருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

ஃபிங்க் ஒவ்வொருத்தனுக்கா தண்ணி குடுத்துட்டு வராரு. கால் நொறுங்கிக் கெடக்கறான் பீல். "கேப்டன்... நீங்க போகலையா?"

"போகல."

"எங்களுக்காகவா? ஏன்?"

"நான் கப்பலேறுனப்போ எங்கம்மா துறைமுகத்துலயே நின்னாங்க, பீல். கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்துட்டே வந்தேன். இன்னொரு தடவை அப்படி விட்டுட்டுப் போக என்னால ஆகாது."

பீல் மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

எதிரி வந்துட்டான். துப்பாக்கியெல்லாம் வாசலைப் பாக்குது. ஃபிங்க் வெறுங்கையோட வெளிய வந்தாரு. "உள்ள பதினேழு பேரு. எந்திரிக்கக்கூட முடியாது. அவங்களுக்கு டாக்டர் வேணும்... என்னைக் கூட்டிட்டுப் போங்க."

எதிரிப் பட்டாளத்து அதிகாரி அவரை ஏற எறங்கப் பாத்தான். அப்புறம் திரும்பி, "டாக்டரைக் கூப்பிடு"ன்னான்.

மூணு பேரு பொழைக்கல. பதினாலு பேரு பொழைச்சாங்க. ஃபிங்க்குக்குப் பத்து மாசம் ஜெயிலு. எலும்பும் தோலுமா வெளிய வந்து ரயிலேறி வராரு. முன்னாடியே ஊரு திரும்பிட்ட பீல், சேதி கேட்டு வந்து, ஸ்டேஷன்ல ஒத்தக் காலோட கட்டையை ஊனிட்டு நிக்கறான்.

"எங்க போறீங்க, கேப்டன்?"

"தங்கறதுக்கு ஒரு எடம் பாக்கணும்."

"பாக்க வேண்டாம். எங்க வீட்டுல கட்டில் போட்டாச்சு. வாங்க."

அவ்வளவுதானுங்க.

நம்ம திருப்பூருக்கும் எங்கெங்கிருந்தோ ஆளுங்க வராங்க... ஒடிசா, பீகாரு, அசாமு. ஒரே கூரைக்குக் கீழ வேலை பாக்கறோம். 'வடக்கத்தியான்'ங்கறோம், அதோட முடிச்சுக்கறோம். பீலுக்கு ஒரு மனுசனைத் தெரிஞ்சுக்கக் காலு போக வேண்டியிருந்துச்சு. நமக்கும் அப்படி ஒண்ணு நடக்கணுமா?

நாளைக்குக் காலையில கம்பெனிக்குப் போனதும், பக்கத்து மெஷின்ல உக்காந்திருக்கறவரோட பேரைக் கேளுங்க... வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னும் கேளுங்க.