தறிச் சத்தத்தில் தனியாகக் கேட்கும் கார்

உக்கடத்தில் பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கணவனும் மனைவியும் பஸ்ஸில் கருமத்தம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் பின் சீட்டில் இருந்தேன்.

"ஒர்க்‌ஷாப்புல நிக்கிற நம்ம டீசல் காரைக் குடுத்துப்போட்டு இதையே எடுத்துக்கலாம் அம்மணி. வேலைக்குப் போய்ட்டு வர ஒரு சார்ஜ் போதும்."

"வேண்டாமுங்க. அதுல சத்தமே இல்லீங்க."

"அது நல்லதுதான?"

"கல்யாணமாகி வந்ததுலருந்து, ஊரே தறி ஓட்டுற சத்தத்துலயும் உங்க கார் முக்குத் திரும்புறது எனக்குத் தனியாக் கேக்குமுங்க. அப்பத்தான் தோசைக்கல்லை அடுப்புல வெப்பேன்."

அவர் சிரித்தார். "இனி முக்குல வந்து ஹாரன் அடிச்சுப்போடறேன்."

"ஹாரன் எல்லாருந்தானுங்க அடிக்கறாங்க."

கருமத்தம்பட்டியில் இறங்கும்போது அவர் சொன்னார்: "ஒர்க்‌ஷாப் வழியாப் போலாம் வா. நம்ம கார் ரெடியான்னு பாத்துப்போட்டுப் போயிரலாம்."